ஆயிரம் பேக்லிங்க் ஐயாயிரம் ரூபாய்: பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

கோவை கணபதியில் சப்மெர்சிபிள் பம்பு தயாரிக்கும் நண்பர் ஒருவர் ஒரு எக்செல் ஷீட்டை என் முன்னால் திறந்து வைத்தார். அவருடைய கம்பெனி வெப்சைட்டைக் கூகுளில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லி மாதச் சந்தா வாங்கிய ஒரு ஏஜென்சி அனுப்பிய ரிப்போர்ட் அது. வரிசை எண், தளத்தின் பெயர், லிங்க் வைத்த தேதி, கடைசிக் கட்டத்தில் பச்சை வண்ணத்தில் 'முடிந்தது'. மொத்தம் 412 வரிகள்.

"இத்தனை எடத்துல நம்ம கம்பெனி பேரு இருக்குதுங்க. ஆனா ஒரு போன்கூட வர மாட்டேங்குது. ஏனுங்க?" என்றார்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முதல் லிங்க் பல் வேர் சிகிச்சை பற்றிய ஒரு பக்கத்துக்குப் போனது. அதன் நான்காவது பத்தியில், முன்னும் பின்னும் சம்பந்தமில்லாமல், 'கோயம்புத்தூர் சப்மெர்சிபிள் பம்பு தயாரிப்பாளர்' என்ற சொற்கள் நீல எழுத்தில் கிடந்தன. இரண்டாவது, பூனை உணவைப் பற்றி யாரோ எழுதியதற்கு அடியில் "அருமையான பதிவு" என்று நண்பரின் கம்பெனி பெயரில் போடப்பட்ட பின்னூட்டம். மூன்றாவது தளமே இல்லை, முகவரி விற்பனைக்கு என்று போர்டு தொங்கியது. நான்காவது, சூதாட்டத் தளங்களின் நீண்ட பட்டியல். ரம்மிக்கும் ஆண்மை மாத்திரைக்கும் நடுவில், நண்பரின் தாத்தா பெயரில் நடக்கும் கம்பெனி.

நண்பர் லேப்டாப்பை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "காசு குடுத்துத்தான வாங்குனோம். இதுல நம்ம தப்பு என்னங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. வெப்சைட் வைத்திருக்கும் சிறு தொழில்காரர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இதே ஆசை காட்டப்படுகிறது: ஆயிரம் பேக்லிங்க் ஐயாயிரம் ரூபாய், முதல் பக்கம் கேரண்டி. பேக்லிங்க் என்றால் இன்னொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு.

லிங்க் என்பது கைகாட்டுதல்

வெளியூர்க்காரர் ஒருவர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நல்ல பம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார். டீக்கடைக்காரர் ஒரு பக்கம் கை காட்டுகிறார். ஆட்டோக்காரரும் அதே பக்கம் காட்டுகிறார். போர் போடும் லாரிக்காரரும் அதே கடையைச் சொன்னால், வந்தவர் வேறு யாரையும் கேட்கமாட்டார். மூன்று பேரில் லாரிக்காரரின் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். தினமும் பம்பு இறக்குவதைப் பார்க்கிறவர் அவர்.

கூகுளின் அடிப்படை யோசனையும் இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1990களின் இறுதியில் உருவாக்கிய 'பேஜ்ரேங்க்' என்ற கணக்குமுறை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவர்களின் மதிப்பு என்ன என்று எடை போட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் எது அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறதோ அது முக்கியமானது என்ற கல்வி உலக வழக்கத்திலிருந்து பிறந்த யோசனை. அவர்களுடைய தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. பின்னாலிருந்து வரும் இணைப்புகளைப் பார்க்கும் கருவி என்பதால் அந்தப் பெயர்.

இன்று கூகுள் பார்க்கும் பல விஷயங்களில் லிங்க் ஒன்று, அவ்வளவே. பக்கத்தில் உருப்படியான தகவல் இருக்கிறதா, தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார், தளம் செல்போனில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று எல்லாம் பார்க்கிறது. ஆனாலும் கைகாட்டுதலுக்கு மதிப்பு இருக்கும்வரை, கூலிக்குக் கை காட்டவும் ஆள் இருப்பார்கள்.

விலைக்கு வாங்கினால் குற்றமா?

முதலில் ஒரு தெளிவு. லிங்க்கை விலைக்கு வாங்கினால் போலீஸ் வராது. அது கூகுளின் விதிமீறல். அதன் ஸ்பேம் கொள்கை, தேடல் வரிசையில் ஏறுவதற்காகப் பணமோ பொருளோ கொடுத்து வாங்கும் இணைப்பு, "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்ளும் இணைப்பு, மென்பொருள் வைத்து ஆயிரக்கணக்கில் தூவும் இணைப்பு, தரமற்ற டைரக்டரிகளில் அடைக்கும் இணைப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிலர் காலாவதியான டொமைன்களை, அதாவது தள முகவரிகளை, மொத்தமாக வாங்கி, பெயருக்கு நாலு கட்டுரை போட்டு, லிங்க் விற்பதற்கென்றே வைத்திருப்பார்கள். அதுவும் தடைதான்.

விளம்பரம் கொடுப்பதில் தவறில்லை. விளம்பரம் என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்காகவே லிங்க்கின் நிரல்வரியில் 'நோஃபாலோ' என்ற அடையாளம் 2005ல் வந்தது. 2019ல் காசு கொடுத்த இணைப்புக்கு 'ஸ்பான்சர்ட்', வாசகர்கள் எழுதும் பகுதிகளில் வரும் இணைப்புக்கு 'யுஜிசி' என்று இரண்டு அடையாளங்கள் சேர்ந்தன. இந்த அடையாளம் போட்ட விளம்பரத்தால் தண்டனை வராது. வாடிக்கையாளர் வரலாம், தேடல் வரிசைக்குப் பலன் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தியச் சட்டம் நுழையும் இடமும் ஒன்று உண்டு. காசு கொடுத்து எழுதவைத்த பாராட்டை யாரோ தானாக எழுதியதுபோல் காட்டினால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலின் கீழ் கேள்வி எழும். பரிந்துரைப்பவருக்கும் கம்பெனிக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்கிறது அது. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். லிங்க்கோடு "நூறு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ இலவசம்" என்று சேர்த்து விற்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய கடைகளே சறுக்கிய கதை

ஜே.சி.பென்னி அமெரிக்காவின் பெரிய துணிக்கடை நிறுவனம். 2010 இறுதியில், பண்டிகை வியாபாரம் சூடு பிடித்த மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அது முதலிடத்தில் நின்றது. சந்தேகப்பட்டு ஆராய்ந்த நியூயார்க் டைம்ஸ், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது. கூகுள் கைவைத்தது. பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களில் சராசரியாக 1.3ஆம் இடத்தில் இருந்த கடை, பிப்ரவரி 10 அன்று 52ஆம் இடத்தில் கிடந்தது. "எங்களுக்குத் தெரியாமல் நடந்தது" என்று சொல்லி, வேலை பார்த்த எஸ்இஓ நிறுவனத்தை, அதாவது தேடலில் தளத்தை மேலேற்றித் தரும் நிறுவனத்தை, விலக்கியது பென்னி. விலக்கினாலும் இறங்கிய இடம் கடைக்காரருடையது.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா என்ற பூ விற்பனை நிறுவனத்துக்கு அடி விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியே இணைப்புப் பெற்றிருந்தது. தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட அது கிடைக்கவில்லை. அந்த நாட்டில் அன்னையர் தினத்துக்குச் சில வாரமே இருந்த நேரம் அது. பூக்கடைக்கு அது நம்மூர் ஆயுதபூஜை சீசன் மாதிரி. பத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் மீண்டது.

கூகுள் தன்னையும் விட்டுவைக்கவில்லை. 2012 ஜனவரியில், அதன் குரோம் உலவிக்காகப் பணம் கொடுத்து எழுதவைத்த பதிவுகளில் விதிமீறிய இணைப்பு இருப்பது வெளியே வந்தது. குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாள் தேடலில் கீழே தள்ளினார்கள்.

பென்னிக்கு ஊர் ஊராகக் கடை இருந்தது. இன்டர்ஃப்ளோராவைப் பெயர் சொல்லிக் கேட்க ஆள் இருந்தது. கணபதி பம்புக் கம்பெனிக்கு அந்த இடைவெளியில் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் யார் கட்டுவார்கள்?

அடி இரண்டு வகை

முதல் வகை, ஆள் பார்த்துப் போடும் தண்டனை. 'மேனுவல் ஆக்‌ஷன்' என்பார்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தைப் பதிந்திருந்தால், அதற்கான பகுதியில் 'உங்கள் தளத்துக்கு இயல்பற்ற இணைப்புகள்' என்று அறிவிப்பு வரும். தளம் முழுவதுமோ சில பக்கங்களோ தேடலில் இறங்கும்.

இரண்டாவது வகை சத்தமில்லாதது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. செயற்கை லிங்க்குகளால் ஏறியிருந்த தளங்கள் ஒரே வாரத்தில் சரிந்தன. 2016க்குப் பிறகு அது தேடல் இயந்திரத்தின் நிரந்தர உறுப்பாகிவிட்டது. பெரும்பாலும் இப்போது அப்படிப்பட்ட லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அறிவிப்பு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கொடுத்த காசு ஆற்றில் கரைத்த புளி. நண்பருக்கு நடந்தது இதுதான். 412 பேர் கை காட்டியும் ஒருவர் சொல்லும் எடுபடவில்லை.

லிங்க்கோடு போகும் சாவி

வேலைக்கு வருகிற ஏஜென்சி முதலில் கேட்பது பாஸ்வேர்டு. ஆபத்தின் பெரும்பகுதி இங்கேதான்.

தளத்தின் நிர்வாகச் சாவி கையில் வந்ததும், உங்கள் தளத்தையே வாடகைச் சுவராக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு லிங்க் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, உங்கள் தளத்தின் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத வண்ணத்தில் வேறு வாடிக்கையாளர்களின் லிங்க்கை வைப்பார்கள். நண்பர் தளத்தைச் சோதித்தோம். கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியில்லாமல் தள முகவரியைக் கொடுத்து, பக்கத்தில் 'கேசினோ' என்று தேடினால் போதும். பம்புக் கம்பெனியின் தளத்தில் நான்கு கேசினோ பக்கங்கள் இருந்தன. முகப்பிலிருந்து போனால் தெரியாது. நண்பரின் மனைவிதான் அதை முதலில் பார்த்தார். "நம்ம வீட்டு மாடியில எவனோ குடியிருக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அடுத்தது டொமைன். தளத்தின் முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? "நாங்களே பதிந்து தருகிறோம்" என்று தங்கள் பெயரில் பதிந்துகொண்டால், கணக்குத் தீர்ந்த பிறகு முகவரியே பிணைக்கைதி. விசிட்டிங் கார்டிலும் பம்பின் பெயர்ப்பலகையிலும் அச்சடித்த முகவரி இன்னொருவர் சொத்தாகிவிடும். டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. டாட் காம் போன்ற முகவரிகளுக்கு, மாற்றிக்கொள்ளத் தேவையான ரகசியக் குறியீட்டை நீங்கள் கேட்ட 5 நாளுக்குள் பதிவு நிறுவனம் தர வேண்டும் என்பது ஐகேன் என்ற சர்வதேச அமைப்பின் விதி.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

கூகுளில் முதலிடம் தருவதாக யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதைக் கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் சொல்கிறது. கேட்காமலே மின்னஞ்சல் அனுப்பி வேலை பிடிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் சொல்கிறது. கேரண்டி என்ற சொல் வந்தாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நேர்மையாக வேலை பார்க்கும் எஸ்இஓ ஆட்களும் நிறையப் பேர் உண்டு. அவர்கள் எழுத்தில் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அதில் இவை இருக்கட்டும்:

1. லிங்க் வைக்கப்போகும் தளத்தின் முகவரி முன்கூட்டியே உங்களுக்கு வர வேண்டும். நீங்கள் சம்மதித்த பிறகே வைக்க வேண்டும்.

2. பணம் கொடுத்து வாங்கும் இணைப்பு எது, அதற்கு 'ஸ்பான்சர்ட்' அடையாளம் உண்டா என்று ரிப்போர்ட்டில் தனியாகக் குறிக்க வேண்டும்.

3. டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், கூகுள் பிசினஸ் புரொஃபைல் எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில். ஏஜென்சிக்குப் பயனர் அனுமதி மட்டும். உரிமையாளர் இடம் உங்களுக்கு.

4. அவர்கள் வேலையால் கூகுள் தண்டனை வந்தால், சுத்தம் செய்வது அவர்கள் செலவில்.

5. வேலையை நிறுத்தினால் இத்தனை நாளுக்குள் எல்லாச் சாவியும் திரும்ப வர வேண்டும்.

6. பணம் மாதத்துக்கு மாதம், ஜிஎஸ்டி பில்லோடு. வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

இதில் மூன்றாவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற ஐந்தும் மீறப்பட்டால் பண நஷ்டம். மூன்றாவது போனால் தளமே நஷ்டம்.

ஏமாந்துவிட்டால்: தளத்துக்கு முதலுதவி

முதல் வேலை, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். ஆனால் அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அது சாட்சி. பிறகு மறைத்து வைத்த பக்கங்களை நீக்குங்கள்.

அடுத்து சர்ச் கன்சோலில் 'லிங்க்ஸ்' பகுதிக்குப் போய், யார் யார் உங்களுக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று பட்டியலை இறக்குங்கள். மேனுவல் ஆக்‌ஷன் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தளங்களுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள். நீக்காதவர்களைக் கூகுளின் 'டிஸ்அவோ' கருவியில் கொடுக்கலாம். "இந்தக் கைகாட்டுதலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கொடுக்கும் மனு அது. பிறகு, என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம் என்பதை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

தண்டனை அறிவிப்பு இல்லையென்றால் டிஸ்அவோ பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. தப்பான பட்டியலைக் கொடுத்தால் நல்ல கைகாட்டுதலையும் நாமே வெட்டிக்கொள்வோம். "நச்சு லிங்க்கை நீக்கித் தருகிறோம்" என்று பயமுறுத்திப் பணம் கேட்பது அடுத்த வியாபாரம்.

பணத்துக்கு எங்கே போவது?

பணம் கட்டியதும் ஆள் மறைந்துவிட்டால், அன்றே 1930 என்ற சைபர் நிதி மோசடி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, அதாவது மோசடி, பொருந்தும். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது மட்டும் மோசடியாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அது ஒப்பந்த மீறல். காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவைப்பது இதனால்தான்.

அனுமதியில்லாமல் தளத்துக்குள் புகுந்து பக்கம் வைத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43, 66ஆம் பிரிவுகளுக்குள் வரும். 43ஆம் பிரிவின் இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருக்கிறார். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நாமே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு "அனுமதியில்லாமல்" என்று வாதிடுவது கடினம். எந்த வேலைக்காகக் கொடுத்தோம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்த வாதம் நிற்கும்.

ஒப்பந்தம் மீறப்பட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட மூன்று வருட அவகாசம். தொகை 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால், அவசரத் தடை தேவைப்படாத பட்சத்தில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். சின்னத் தொகைக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக லோக் அதாலத்துக்குப் போகலாம். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. சட்ட உதவிக்கான எண் 15100.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். பாதி இடங்களில் எதிர்த்தரப்பு இறங்கிவர ஒரு கடிதமே போதும் என்பது என் அனுபவம். ஆணையத்தில் வழக்கென்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் பழைய சட்டத்தில் 'பொருளும் சேவையும்' என்று இருந்த அந்த விலக்கு புதிய சட்டத்தில் 'பொருள்' என்று மட்டும் நிற்கிறது. எஸ்இஓ ஒரு சேவை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இந்த நூலைத்தான். ஆகவே வக்கீலைக் கலந்துகொண்டு போங்கள். போவதென்றால் இரண்டு வருடத்துக்குள். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை.

எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்பது ஆதாரம். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். மூலக்கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

கட்டுரை எழுதாமலே கைகாட்ட ஆள் சேர்ப்பது

"அப்ப நேர்வழி என்னங்க? வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுன்னு சொல்றாங்க. பட்டறையப் பாக்கறதா, எழுதறதா?" என்றார் நண்பர். எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்கள் இணையத்தில் நம்மைக் காட்டுகிறார்களா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சங்கங்களிலிருந்து தொடங்கினோம். கோவையில் கொடிசியா, சீமா. திருப்பூர்க்காரருக்கு ஏற்றுமதியாளர் சங்கம். வருடா வருடம் சந்தா கட்டுகிறோம், உறுப்பினர் பட்டியலில் நம் தள முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நண்பரின் சங்கப் பட்டியலில் அவருடைய பழைய முகவரி இருந்தது. அதைச் சொடுக்கினால் எதுவும் திறக்காது. ஒரு மின்னஞ்சல், மூன்றாம் நாள் சரியானது. அந்த ஒரு லிங்க் 412ஐவிடப் பெறும்.

அடுத்து வியாபார உறவுகள். நாம் மோட்டார் சுருள் கம்பி வாங்கும் கம்பெனி, நமக்கு லேத் விற்ற கம்பெனி, நம் பம்பை விற்கும் டீலர்கள். டீலர் தளத்தில் 'நாங்கள் விற்கும் பிராண்டுகள்' என்று பக்கம் இருக்கும். லேத் கம்பெனிக்கு 'எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வது' என்று பக்கம் இருக்கும். உண்மையாகவே திருப்தியாக இருந்தால் நாலு வரி எழுதிக் கொடுங்கள், பெயரோடு லிங்க்கும் போடுவார்கள். "லிங்க் போட்டால் தள்ளுபடி" என்று பேரம் மட்டும் வேண்டாம். அது விலைக்கு வாங்கியதாகிவிடும்.

மூன்றாவதாக, நம் கம்பெனி பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கண்காட்சி பற்றிய செய்தியிலோ கல்லூரியின் தொழிற்சாலைப் பார்வைக் குறிப்பிலோ பெயர் இருக்கும், லிங்க் இருக்காது. பணிவாக ஒரு கடிதம் எழுதினால் பலரும் சேர்த்துவிடுவார்கள். பழைய தளத்தை மாற்றும்போது பழைய பக்கங்களின் முகவரியைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் இதில் சேர்த்தி. திருப்பாவிட்டால், வீடு மாறியவர் தபால் ஆபீஸில் சொல்லாமல் வந்த கதைதான்.

இன்டியாமார்ட், ஜஸ்ட்டயல் போன்ற தளங்களில் சரியான விவரத்தோடு இருங்கள். தேடல் மதிப்புக்காக இல்லை, ஆள் அங்கே தேடுகிறார் என்பதற்காக. விக்கிப்பீடியாவில் போய் நம் லிங்க்கைச் செருகாதீர்கள். 2007லிருந்தே ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் நோஃபாலோதான். பலனும் இல்லை, அங்கே இருக்கிறவர்கள் அழித்தும் விடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தந்தது ஒரு நோட்டு. நண்பரின் பட்டறையில் ஃபோர்மேன் ஒருவர் முப்பது வருடமாக இருக்கிறார். அவருடைய மேசை இழுப்பறையில் கிரீஸ் கறை படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. போர் எத்தனை இஞ்ச், தண்ணீர் எத்தனை அடியில், அதற்கு எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ், எந்த டெலிவரி பைப், இத்தனை அடிக்கு எவ்வளவு கனத்தில் கேபிள் என்று பட்டியல் பட்டியலாக எழுதி வைத்திருந்தார். போனில் விவசாயி யார் கேட்டாலும் அதைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தப் பட்டியலை அப்படியே தமிழில் ஒரே பக்கமாகத் தளத்தில் ஏற்றினார் நண்பர். அச்சடித்துக்கொள்ள ஒரு பிடிஎஃப் வைத்தார். கூடவே, "கேபிள் சன்னமா போட்டா வோல்டேஜ் எறங்கும், மோட்டார் சூடாகும், காயில் எரியும்" என்ற ஃபோர்மேனின் எச்சரிக்கையையும் அவர் பேசுகிறபடியே போட்டார்.

யாரையும் லிங்க் கேட்கவில்லை. முதலில் ஒரு டீலர் தன் தளத்தில் போட்டார். பிறகு போர் போடுகிறவர் ஒருவர். பிறகு ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் மாணவர்களுக்கான பக்கத்தில் இணைத்தார். ஒரு வருடத்தில் மொத்தம் ஒன்பது. எக்செல் ஷீட்டில் போட்டால் ஒரு கைக்குட்டை அளவுகூட வராது. ஆனால் அந்த ஒன்பதிலிருந்து வருகிறவர்கள் போன் செய்கிறார்கள், போர் ஆழத்தைச் சொல்லிப் பம்பு கேட்கிறார்கள்.

எந்தத் தொழிலிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். ஜமுக்காளம் நெய்கிறவரிடம் துவைக்கும் முறை, நகைப் பட்டறையில் விரல் அளவுப் பட்டியல், மர வியாபாரியிடம் கன அடிக் கணக்கு. அதைத் தேடி எடுங்கள். அதற்கு முன், இன்று கடை அடைத்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளர் இடத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உங்களிடம் இல்லையென்றால், லிங்க் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முதலில் வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்குங்கள்.